மெழுகிலிருந்து உலோகத்துக்கு: புராண உருவங்களை நவீனமாக வார்ப்பவர்களுக்குக் கேள்வி பதில்

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி அச்சாக்கி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை பற்றியவை இவை.

கேள்வி: தூணைப் பிளந்து வரும் நரசிம்மரை ஒன்றரை அடியில் செய்கிறேன். மதியமானால் மெழுகு விரல்கள் தொங்கிவிடுகின்றன.

பதில்: தேன்மெழுகு மட்டும் நிற்காது. சம எடைக்குக் குங்கிலியம் என்ற மரப்பிசினின் தூள் சேர்த்து, இளக்கத்துக்குக் கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டு உருக்கி, துணியில் வடிகட்டித் தண்ணீரில் ஊற்றுங்கள். பென்சில் கனத்தில் உருட்டி வளைத்துப் பாருங்கள். முறிந்தால் எண்ணெய் போதவில்லை. தானாகத் தொய்ந்தால் குங்கிலியம் போதவில்லை. உடலுக்கு இளகிய கலவை, விரலுக்கும் நகத்துக்கும் இறுகிய கலவை என்று இரண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். முடித்த கைகளைக் குளிர்ந்த நீரில் போட்டுவையுங்கள்.

கேள்வி: வார்த்த பிறகு சடை நுனிகளும் இரண்டு விரலும் வரவில்லை. உலோகம் குறைவாக ஊற்றியதாலா?

பதில்: உலோகம் குறைந்திருந்தால் ஊற்றும் வாய்ப்பக்கம்தான் குறையும். நுனி வராததற்குப் பெரும்பாலும் காற்றே காரணம். வெளியேற வழியில்லாத காற்று நுனியில் அடைபட்டு உலோகத்தைத் தடுக்கிறது. ஒவ்வொரு நுனியிலிருந்தும் அச்சின் மேல்வாய் வரை 3, 4 மி.மீ. மெழுகுக் குச்சி ஒட்டுங்கள். மெழுகு உருகி ஓடியதும் அந்த இடமே காற்றுக் குழாய். நடராஜரின் சடை, அவரைச் சூழ்ந்த சுடர் வளையமான திருவாசியைத் தொடுவதை அழகுக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள், நீண்ட மெல்லிய உறுப்புக்கு அது பிடிமானமும் தருகிறது. நவீன வடிவில் திருவாசியை நீக்கினால், அது செய்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும்.

அடுத்த காரணம் ஆறிய அச்சு. மெழுகை இறக்கியபின் அச்சின் உட்புறம் மங்கலாகச் சிவக்கும் வரை சுட்டு, அந்தச் சூட்டிலேயே ஊற்றுங்கள். மெல்லிய தாரையாக, இடைவிடாமல். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டாத கோடு விழும், அதை உளியால் மறைக்க முடியாது. அச்சில் துளி ஈரம் இருந்தாலும் நீராவி உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். இதில் அவசரமே கூடாது.

கேள்வி: எவ்வளவு உலோகம் உருக்குவது?

பதில்: குச்சிகளோடு சேர்த்து மெழுகை எடைபோட்டு ஒன்பதால் பெருக்குங்கள், பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மெழுகு 1.2 கிலோ என்றால் 10.8, பத்தில் ஒரு பங்கும் சேர்த்து ஏறக்குறைய 12 கிலோ. செம்பு 29 பங்கு, பித்தளை 2, ஈயம் 1 என்பது கும்பகோணம் அருகே சிலை வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலையின் கணக்கு. பித்தளையைக் கடைசியில் போடுங்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், பித்தளையில் உள்ள துத்தநாகமோ 907இலேயே கொதித்து வெண்புகையாகப் போய்விடும். அந்தப் புகையும் ஈயப் புகையும் நஞ்சு. திறந்த வெளியும் முகக்கவசமும் கட்டாயம்.

கேள்வி: முதல் மண் பூச்சு வெடிக்கிறது.

பதில்: வெயிலில் காயவைத்திருப்பீர்கள். நிழல்தான். காவிரி வண்டலும் உமிக்கரியும் மையாக அரைத்து, தூரிகையால் 3 மி.மீ. அளவுக்குப் பூசுங்கள். கண்ணிமைக் கோடு வரை பதிவது இந்தப் பூச்சில்தான். இதில் விரிசல் விட்டால் சிலையில் தகடுபோல் உலோகம் துருத்தும். முழுக்கக் காய்ந்தபின் மணல் கலந்த களிமண், அதன்மேல் இரும்புக் கம்பிக் கட்டு.

கேள்வி: கனமாக வார்ப்பதா, உள்ளீடற்றா?

பதில்: உங்கள் அளவுக்கு மார்பும் தூணும் உள்ளீடற்றிருக்கட்டும். தடித்த பகுதி கடைசியில் இறுகும்போது சுருங்கிக் குழி விழும். உள்ளீடற்ற பகுதிக்குள் மெழுகுக்கு அடியில் வைக்கும் உள்மண்ணை இரும்பு ஆணிகளால் வெளி அச்சோடு பிணையுங்கள். இல்லையேல் மெழுகு போனதும் அது நகர்ந்து சுவரில் ஓட்டை விழும்.

கேள்வி: சிற்ப நூல்கள் விதிக்கும் உடல் விகிதமான தாள அளவை மீறலாமா?

பதில்: வழிபாட்டுக்கு அல்லாத சிலையில் மீறலாம். ஆனால் உருவத்தின் உயரத்தை அங்குலம் என்ற 124 சம பங்குகளாக்கும் உத்தம தசதாளப் பிரிவை ஒருமுறையாவது ஓலையில் மடித்துப் பாருங்கள். எங்கே நீட்டினோம் என்று தெரிந்து நீட்டிய கால் வேறு, கைதவறி நீண்ட கால் வேறு. பி.வி.ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்கள், எஸ்.நந்தகோபாலின் பற்றவைப்பு வேலைகள், சத்தீஸ்கரின் பஸ்தர் பழங்குடியினரிடம் வார்ப்பைக் கற்ற மீரா முகர்ஜியின் வெண்கலங்கள் மூன்றையும் நேரில் பார்ப்பது நல்லது.

கேள்வி: வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்ப?

பதில்: தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்குங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலைக்குத்தான் தடை என்றாலும், பச்சைக் களிம்பு ஏற்றிய புதுச் சிலையும் சுங்கத்தில் சந்தேகத்தைக் கிளப்பும். மெழுகு நிலையிலிருந்தே தேதியுடன் படங்கள் எடுத்துவையுங்கள்.