அனுமதி வரும் முன்பே கைமாறிய நிர்வாகம்

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தை ஒரு பெரிய இணையத் தள நிறுவனம் வாங்குவதாக ஒப்பந்தம் செய்துள்ளது. அவர்கள் கேட்டதால் வாடிக்கையாளர் பட்டியலையும் விலை விவரங்களையும் கொடுத்தோம். அவர்கள் சொன்னதால் ஒரு புதிய சேவையை வெளியிடாமல் நிறுத்தினோம். வருமானமே இல்லாத எங்களை, இணைப்புக்கு அனுமதி தர வேண்டிய போட்டி ஆணையம் மாதக்கணக்கில் அலைக்கழிக்கிறது. இப்போது உள்ளக ஆவணங்களையும் கேட்கிறது. பொறாமையால் புகார் கொடுத்த போட்டியாளர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: வேண்டாம். விசாரணையில் ஆணையத்திடம் கருத்துச் சொல்வது அவருடைய உரிமை. வருமானம் இல்லை என்ற வாதத்துக்கும் இனி வலுவில்லை. விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் வாங்கும் விலை ஒரு வரம்பைத் தாண்டினால், உள்நாட்டில் போதிய செயல்பாடு இருக்கும் பட்சத்தில், முன் அனுமதி பெற வேண்டும் என்று ஜெர்மனி 2017-இல் 40 கோடி யூரோவையும், இந்தியா 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாயையும் வரம்பாக வைத்துவிட்டன.

உங்கள் கடிதத்தில் சட்டத்தின் கண்ணில் படுவது ஒரே செய்திதான்: ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து உங்கள் நிறுவனத்தை நடத்துவது யார்? அனுமதி வரும்வரை இருவரும் தனித்தனிப் போட்டியாளர்கள்தான். "அவர்கள் சொன்னதால் நிறுத்தினோம்" என்று எனக்கு எழுதிய அதே வாக்கியம் உங்கள் மின்னஞ்சல்களிலும் இருக்கும். ஆணையம் கேட்பதும் அவற்றைத்தான்.

இணைப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டால் இவையெல்லாம் மறைந்துவிடும் என்று என்னிடம் வழக்கு ஆலோசனைக்கு வருபவர்கள் பலர் நம்புகிறார்கள். பி.டி. போர்ச்சுகல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தை வாங்க அல்டீஸ் என்ற மற்றொரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 2015-இல் நிபந்தனைகளுடன் அனுமதி அளித்தது. ஆனால் அனுமதிக்கு முன்பே அதன் அன்றாட வணிக முடிவுகளில் தலையிட்டதற்கும் ரகசிய வணிகத் தகவல்களைப் பெற்றதற்கும் 2018-இல் 12.45 கோடி யூரோ அபராதம் விதித்தது. நீதிமன்றங்கள் பின்னர் தொகையைச் சற்றே குறைத்தன. மீறல் நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. அபராதம் வாங்குபவரின் தலையில்தான் விழும் என்றும் நிம்மதி கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் மூன்று எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 57 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அவற்றுள் ஒன்று, வாங்குபவர் சொல்லித் தன் கிணறு தோண்டும் பணியை நிறுத்திவைத்த விற்பனையாளர். உங்கள் நிலையும் ஏறத்தாழ அதுதான்.

இதைப் படித்ததும் எதையாவது அழிக்கத் தோன்றினால், கையை எடுத்துவிடுங்கள். சோதனையின்போது ஓர் ஊழியர் வாட்ஸ்அப் செய்திகளை அழித்ததற்காக ஐ.எஃப்.எஃப். என்ற நறுமணப் பொருள் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 2024-இல் 1.59 கோடி யூரோ அபராதம் விதித்தது. அழித்ததை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்காகப் பாதியாகக் குறைத்த பிறகு நின்ற தொகை அது.

எனவே தகவல் பரிமாற்றத்தை இன்றே நிறுத்துங்கள், நிறுத்திய சேவையை உங்கள் சொந்த முடிவாகவே மீண்டும் தொடங்குங்கள், நடந்ததை ஆவணங்களோடு நீங்களே ஆணையத்திடம் சொல்லுங்கள். சமரசத்துக்கு வழி இருந்தால் வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வாங்குபவரின் வழக்கறிஞர் உங்களுக்கும் சேர்த்துப் பேசுவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் உங்கள் நலனும் அவர்கள் நலனும் வேறு.

அனுமதி கிடைக்காமலும் போகலாம். 2024 ஜனவரியில் தரை சுத்தம் செய்யும் ரோபோ தயாரிக்கும் ஐரோபாட்டை வாங்கும் திட்டத்தைக் கைவிட்ட அமேசான், ஒப்பந்தம் முறிந்ததற்கான ஈடாக 9.4 கோடி டாலர் முறிவுத் தொகை கொடுத்தது. அப்படியிருந்தும் ஐரோபாட் தன் ஊழியர்களில் 31 சதவீதத்தினரைக் குறைப்பதாக அறிவித்தது. உங்கள் விலைப் பட்டியலோ ஏற்கெனவே எதிரில் நிற்கப்போகிறவர்களிடம் இருக்கிறது. கொடுத்த தகவல்களைத் திருப்பித் தருவதற்கும் பயன்படுத்தாமல் இருப்பதற்கும் எழுத்துமூல உறுதியும், அனுமதி மறுக்கப்பட்டால் முறிவுத் தொகையும் ஒப்பந்தத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அவற்றை எழுதி வாங்குங்கள். அதுவரை ஒப்பந்தக் கால நீட்டிப்பில் கையெழுத்திட வேண்டாம்.