ஸ்னோபோர்டு ஓட்டத் தெரியும், ஸ்பிளிட்போர்டு (இரண்டாகப் பிரித்து ஸ்கீபோல் மாட்டி ஏறி, சேர்த்து ஓட்டும் பலகை) புதிது. "ரொம்ப ஈஸி" என்கிறார்கள். முதல் பயணமாக எல்ஃபின் லேக்ஸ் குடிலுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் "ரொம்ப ஈஸி" என்று உங்களிடம் சொன்னவர் ஸ்கீயில் போய்வந்தவராக இருப்பார். ஏறும்போது இருவருக்கும் ஒரே பாடுதான். திரும்பும்போதுதான் நம் கதை மாறும்.

நீங்கள் வான்கூவர் பக்கம் இருக்கிறீர்கள், இதுவரை லிஃப்ட் உள்ள இடங்களில் மட்டுமே ஓட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கரிபால்டி பூங்காவின் டைமண்ட் ஹெட் பார்க்கிங்கிலிருந்து குடில் 11 கி.மீ., மொத்த ஏற்றம் சுமார் 600 மீட்டர். அந்த மலைச்சாலைக்குக் குளிர்காலத்தில் டயர் சங்கிலி இல்லாமல் கிளம்பாதீர்கள். முதல் 5 கி.மீ. காட்டுக்குள் போகும் பழைய சாலை. அந்தத் தூரத்தில் ரெட் ஹெதர் குடில் வரும். அங்கே விறகடுப்பு உண்டு, குடிலுக்குள் இரவு தங்க முடியாது. அதற்குமேல் பால் ரிட்ஜ் முகட்டில் ஏறி இறங்கி, கடைசியில் ஏரிகளை நோக்கி ஒரே இறக்கம்.

அந்த இறக்கத்தைப் பார்த்ததும் ஸ்கின்னை (ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ஒட்டும் பட்டையை) கழற்றிப் பலகையைச் சேர்க்கத் தோன்றும். புதியவர் அதைச் செய்ய வேண்டாம். நடுவில் சின்ன மேடு வந்தால் ஸ்கீக்காரர் கம்பை ஊன்றித் தள்ளிப் போய்விடுவார். இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்ட நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். முகடு முழுக்க, போகவும் வரவும், ஸ்கின்னோடு பிரித்த நிலையிலேயே நடங்கள். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூட்டிக் கழற்றும் தொல்லை இல்லை. பலகையைச் சேர்த்து ஓட்டத் தகுந்த இடம் ரெட் ஹெதரைச் சுற்றியுள்ள மிதமான சரிவுகளும், அங்கிருந்து கீழே வரும் சாலையும்தான். சாலையிலும் தட்டையான துண்டுகள் உண்டு. அவற்றுக்கு முன் வேகத்தை விடாதீர்கள், ஒரு கம்பையாவது கையில் வைத்திருங்கள். எதிரே ஆட்கள் ஏறி வருவார்கள், வளைவுகளில் கவனம்.

ஏறும்போது காலைத் தூக்காமல் இழுத்து நடக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் உயர்த்தும் கம்பி இந்தச் சாலைக்குத் தேவைப்படாது. கடற்கரையோர மலை என்பதால் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வெயிலில் நனைந்த ஸ்கின் நிழலுக்குள் வந்ததும் பனி கட்டிகட்டியாக ஒட்டி, கால் கனத்துவிடும். கிளம்பும் முன்பே ஸ்கின் மெழுகைத் தேய்த்துவிடுங்கள். கழற்றிய ஸ்கின்னைப் பசையோடு பசை ஒட்ட மடித்து ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். பசை நனைந்தால் மறுபடி ஒட்டாது. அப்போது வால்பக்கத்தை இறுக்கிக் கட்ட இரண்டு ரப்பர் ஸ்ட்ராப் உதவும்.

பலகையைச் சேர்க்க முதலில் பனியை மிதித்துத் தளம் செய்யுங்கள். இரு பாதிகளின் உள்விளிம்பிலும் கொக்கிகளிலும் உள்ள பனியைத் தட்டுங்கள். பைண்டிங் (பூட்ஸைப் பிடிக்கும் பாகம்) உள்ளே போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள்: பக் (அது நுழைந்து பூட்டும் வட்டு) ஓரத்தில் பனிக்கட்டி இருக்கும், சுரண்டினால் போதும். சும்மா வைக்கும் பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் அது தனியாகக் கீழே போய்ச் சேரும். இதையெல்லாம் வீட்டிலேயே கையுறையோடு பழகுங்கள். திருகுகள் தளரும், திருப்புளி எடுத்துக்கொள்ளுங்கள்.

"இதற்கு ஸ்கீயே வாங்கலாமே" என்று இந்தப் பதிலுக்குக் கீழே ஒருவர் எழுதுவார். வாங்கலாம்தான். கேட்டவரிடம் இருப்பது ஸ்பிளிட்போர்டு.

சுலபமான வழி என்பதற்காக டிரான்ஸீவர் (பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிர்கால வழிக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். கோடைப் பாதை பனிச்சரிவு விழும் சரிவுகளைக் கடக்கும், அதைத் தொடராதீர்கள். மேகம் இறங்கினால் அடுத்த கம்பமே தெரியாது, போனில் தடத்தை இறக்கி வையுங்கள். அவலாஞ்ச் கனடாவின் அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பில் இந்த இடத்துக்கானதைப் பாருங்கள். மரத்தடியில் கிளைகளுக்குக் கீழே பனி குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வருவது கடினம்.

எல்ஃபின் லேக்ஸ் குடிலில் 33 பேர் படுக்கலாம், முன்பதிவு கட்டாயம். எரிவாயு அடுப்பு இருக்கிறது. தூக்கப்பையும் விரிப்பும் உங்களுடையது. பதிவு செய்துவிட்டு, வானிலை பிடிக்கவில்லை என்று ரத்தும் செய்யாமல் வீட்டில் இருந்துவிடுபவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பதில் நீளும். இடம் கிடைக்காதவர் அந்த வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், குடிலில் படுக்கைகள் காலியாகக் கிடக்கும்.

முதல் தடவை ரெட் ஹெதர் வரை மட்டும் போய், அந்தச் சரிவில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கி வாருங்கள். பூட்டிக் கழற்றுவது கைக்கு வந்தபிறகு குடிலுக்குப் பதிவு செய்யுங்கள்.