கணினி கேள்வி–பதில்: தாயை அழைத்தால் சேய் பதில் சொல்வது ஏன்?

கேள்வி: பிளஸ் ஒன்னில் தமிழ்வழியில் சி பிளஸ் பிளஸ் படித்தேன், இப்போது பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஜாவா படிக்கிறேன். 'காலணி' என்ற தாய் இனக்குழுவையும் (கிளாஸ், அதாவது ஒரு வகைப் பொருள்களுக்கான வார்ப்பு) அதன் உறுப்புகளைப் பெறும் 'ஷூ' என்ற சேய் இனக்குழுவையும் எழுதினேன். இரண்டிலும் 'வகை' என்ற, மதிப்பை வைத்திருக்கும் தரவு உறுப்பும் 'தோலளவு' என்ற, வேலையைச் செய்யும் செயற்கூறும் (ஃபங்ஷன்) உண்டு. காலணி என்று அறிவித்த மாறியில் ஷூ பொருளை வைத்து அழைத்தால், ஷூவின் செயற்கூறு இயங்குகிறது. ஆனால் 'வகை' மட்டும் காலணியினுடையதாக வருகிறது. சி பிளஸ் பிளஸில் இதையே எழுதியபோது செயற்கூறும் தாயினுடையதே இயங்கியது. எது சரி, ஐயா?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: நீங்கள் கண்ட மூன்றுமே அந்தந்த மொழியின் விதிப்படி சரியானவை. எதை அழைப்பது என்ற முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் மூன்றும் விளங்கிவிடும்.

நீங்கள் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) உங்கள் நிரலைப் படிக்கும்போது, மாறிக்கு நீங்கள் அறிவித்த இனக்குழு மட்டுமே அதற்குத் தெரியும். நிரல் ஓடும்போது அந்த மாறிக்குள் ஷூ வந்து உட்காருமா, செருப்பு வந்து உட்காருமா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஜாவா, செயற்கூற்றைப் பொறுத்தவரை முடிவை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைத்து, அப்போது கையில் இருக்கும் பொருள் உண்மையில் எந்த இனக்குழுவைச் சேர்ந்தது என்று பார்த்து, அதன் செயற்கூற்றை இயக்குகிறது. இதைத்தான் பல்லுருவாக்கம் என்கிறோம். தரவு உறுப்புக்கு இந்தத் தள்ளிவைப்பு கிடையாது. ஷூ பொருளுக்குள் தாயின் 'வகை' ஒன்றும் ஷூவின் 'வகை' ஒன்றுமாக இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மாறியின் அறிவிப்பைப் பார்த்து நிரல்பெயர்ப்பி தாயினுடையதை எடுக்கிறது. எனவே சேயில் அதே பெயரில் மீண்டும் ஒரு தரவு உறுப்பை அறிவிக்காதீர்கள். தாயிடம் உள்ளதற்கே, பொருள் உருவாகும்போது இயங்கும் சேயின் ஆக்கியில் (கன்ஸ்ட்ரக்டர்) மதிப்பு கொடுங்கள்.

சி பிளஸ் பிளஸில் தாயின் செயற்கூற்றுக்கு முன்னால் 'விர்ச்சுவல்' என்ற சொல்லை எழுதினால்தான் இந்தத் தள்ளிவைப்பு நடக்கும். நீங்கள் அதை எழுதாமல் விட்டிருப்பீர்கள். அந்தச் சொல் சிமுலா 67 மொழியிலிருந்து வந்தது. ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவர் அதை உருவாக்கினார்கள். 1979இல் வேலையைத் தொடங்கிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், சிமுலாவின் இனக்குழுவை சி மொழிக்குள் கொண்டுவந்ததன் விளைவே சி பிளஸ் பிளஸ். பொதுவாக இதன் உள்வேலை எளியது: ஒவ்வோர் இனக்குழுவுக்கும் அதன் செயற்கூறுகளின் நினைவக முகவரிகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும்; ஒவ்வொரு பொருளும் தன் இனக்குழுவின் அட்டவணையைச் சுட்டும் ஒரு சுட்டியைச் சுமந்திருக்கும். 'அட்டவணையின் இரண்டாம் இடத்தில் உள்ளதை இயக்கு' என்று மட்டுமே நிரல்பெயர்ப்பி எழுதிவைக்கிறது. ஷூவின் அட்டவணையில் இரண்டாம் இடத்தில் இருப்பது ஷூவின் 'தோலளவு'.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'தோலளவு' என்பதைச் சேயில் ஓர் எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டால், அது மேலெழுதலாக, அதாவது தாயின் செயற்கூற்றைச் சேயில் மாற்றி எழுதுவதாக, அமையாமல் புதிய செயற்கூறாகிவிடும்; நிரல் எந்தப் புகாரும் இன்றித் தாயினுடையதையே இயக்கும். 2004இல் வந்த ஜாவா 5 முதல் இருக்கும் 'ஓவர்ரைட்' என்ற குறிப்பைச் செயற்கூற்றின் தலையில் எழுதும் பழக்கம் இருந்தால், நிரல்பெயர்ப்பி அந்த இடத்திலேயே பிழையைக் காட்டிவிடும்.

கேள்வி: ஷூ தைக்கும் எங்கள் குடும்பப் பட்டறைக்காக ஆர்டர் கணக்கு நிரல் ஒன்றை நானே எழுதினேன். பிறகு பெல்ட்டும் தைக்கத் தொடங்கினோம். தோல் கணக்கும் விலைக் கணக்கும் ஷூவில் ஏற்கெனவே இருந்ததால், பெல்ட்டை ஷூவின் சேயாக்கினேன். பெல்ட்டுக்கு ஜோடி இல்லை என்பதால், 'ஜோடி எண்ணிக்கை' கேட்டால் பிழை எழுப்பும்படி மேலெழுதினேன். இப்போது ஆர்டர் மொத்தம் போடும்போதெல்லாம் நிரல் நின்றுவிடுகிறது. தாயிடம் உள்ளதைச் சேய் பெறும் மரபுரிமமே தவறா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: மரபுரிமம் தவறன்று, அதை நீங்கள் எழுதும் வேலையை மிச்சப்படுத்தும் வழியாகக் கொண்டதே தவறு. மேலே குடியாத்தம் மாணவிக்குச் சொன்ன தள்ளிவைப்பை நினைத்துப் பாருங்கள். 'ஷூ' என்று அறிவித்து எழுதப்பட்ட உங்கள் மொத்தக் கணக்கு, உள்ளே வருவது எதுவானாலும் ஷூ நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ளும் என்று நம்பி ஓடுகிறது. பெல்ட்டைச் சேயாக எழுதியபோது நீங்கள் கொடுத்த வாக்கு அதுதான். ஜோடி கேட்டதும் பிழை எழுப்பியபோது அந்த வாக்கு உடைந்தது.

கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஒரு மாநாட்டு உரையில் இதை எடுத்துரைத்தார். 1994இல் ஜெனெட் விங்குடன் சேர்ந்து முறையான வரையறையாக வெளியிட்டார். தாயின் பொருளை எதிர்பார்க்கும் இடத்தில் சேயின் பொருளை வைத்தாலும், தாயைப் பற்றி உண்மையாக இருந்தவை உண்மையாகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். செயற்கூற்றின் பெயரும் அதற்குத் தரப்படும் மதிப்புகளான அளவுருக்களும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே நிரல்பெயர்ப்பி சோதிக்கும். நடத்தை பொருந்துகிறதா என்று அதனால் சோதிக்க முடியாது. அதைப் பட்டறையை அறிந்த நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் நிரலை இப்படித் திருத்தலாம். ஆர்டரில் இடம்பெறும் எதற்கும் 'தோலளவு', 'விலை' என்ற இரண்டு செயற்கூறுகள் மட்டும் உண்டு என்று ஓர் இடைமுகம் (இன்டர்ஃபேஸ்) எழுதி, ஷூவையும் பெல்ட்டையும் அதன்கீழ் உடன்பிறப்புகளாக வையுங்கள். ஜோடி ஷூவிடம் மட்டும் இருக்கட்டும். இருவருக்கும் பொதுவான விலைக் கணக்கைத் தனி இனக்குழுவாக்கி, அதன் பொருள் ஒன்றை இருவரும் தமக்குள் உறுப்பாக வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். நாளைக்குக் கைப்பை தைத்தாலும், மொத்தம் போடும் பகுதியில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்காது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்த அனுபவமும் காரணம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்கு இருப்புக் கணக்கு எழுதியபோது, ஆயத்தமாகக் கிடைத்த ஒரு பட்டியல் இனக்குழுவுக்குச் சேய் எழுதி, 'ஒன்றைச் சேர்', 'பலவற்றைச் சேர்' ஆகிய இரண்டையும் மேலெழுதி, இரண்டிலும் தோல்களை எண்ணினேன். நூறு தோல்களை ஒன்றாகச் சேர்த்தால் கணக்கு இருநூறு காட்டியது. தாயின் 'பலவற்றைச் சேர்' உள்ளுக்குள் 'ஒன்றைச் சேர்' என்பதையே ஒவ்வொரு தோலுக்கும் அழைத்துக்கொண்டிருந்தது. பல்லுருவாக்கத்தின்படி அந்த அழைப்பு என் சேயிடமே திரும்பி வந்து மீண்டும் எண்ணியது. தாய் தன் வேலையை உள்ளே எப்படிச் செய்கிறாள் என்பது தெரியாமல் எழுதப்படும் சேய், தாயின் அடுத்த பதிப்பிலேயே உடைந்துபோகலாம். பட்டியலை உறுப்பாக வைத்துக்கொண்டு திருத்தி எழுதிய பிறகுதான் எண்ணிக்கை சரியானது.

கேள்வி: ஓர் இனக்குழுவுக்கு இரண்டு தாய் இனக்குழுக்கள் இருக்க ஜாவா ஏன் விடுவதில்லை?
– ஆசிரியர், வாலாஜாப்பேட்டை

பதில்: இரண்டு தாய்களும் ஒரே பாட்டியிடமிருந்து வந்திருந்தால், பாட்டியின் தரவு பேத்தியிடம் ஒருமுறை இருக்க வேண்டுமா, இருமுறையா என்ற சிக்கல் எழும். சி பிளஸ் பிளஸ் இயல்பாக இரண்டு படிகளை வைக்கும். மரபுரிமத்தையே 'விர்ச்சுவல்' என்று அறிவித்தால் ஒன்றாக்கும். ஜாவா இந்தத் தொல்லையைத் தவிர்க்க ஒரே தாயை அனுமதித்து, இடைமுகங்களை எத்தனை வேண்டுமானாலும் ஏற்கிறது. 2014இல் வந்த ஜாவா 8 முதல் இடைமுகத்துக்குள்ளும் செயற்கூற்றின் உடலை, அதாவது அது செய்யும் வேலையை, எழுதலாம் என்பதால், இரண்டு இடைமுகங்கள் ஒரே பெயரில் வெவ்வேறு உடல்களைத் தரக்கூடும். அப்போது எதை இயக்குவது என்பதை நீங்களே சேயில் எழுதித் தீர்க்கும்வரை நிரல்பெயர்ப்பி அந்த நிரலை ஏற்காது.