காணொளியும் உத்தியோகமும் (கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீடு யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள திருநெல்வேலியில் நண்பர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். விரிவுரை முடிந்து வந்தால் பெரும்பாலும் காணொளிகளுடனேயே பொழுது போகிறது. எங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பின்னர்தான் டேட்டா தாராளமாகக் கிடைக்கும் என்பதால், பார்க்கத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். காலை விரிவுரைகள் அடிக்கடி தவறிவிடுகின்றன. ஆனால் எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். கமரா பிடிப்பது, தொகுப்பது, ஒலியைச் சீர்செய்வது எல்லாவற்றையும் அங்கே பார்த்துத்தான் பழகினேன்.

அப்பா கடற்றொழில் செய்பவர். நான் பட்டம் பெற்று அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எனக்கோ சொந்தமாக ஒரு யூரியூப் சனல் நடத்த விருப்பம். இப்போது ஓர் இலட்சத்துக்கு மேல் சந்தாதாரர் உள்ள ஒரு சனலில், படம்பிடிக்கவும் தொகுக்கவும் மாதச் சம்பளத்துக்கு வரச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணத்தை வறிய குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அதைப் படமாக்குவதே அவர்களுடைய முக்கிய வேலை. முழுநேரமாக வர வேண்டும் என்கிறார்கள். நாலாம் வருடச் சிறப்புப் பட்டத்தை விட்டு, மூன்று வருடப் பொதுப் பட்டத்துடன் நின்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுள்ளார்.)

அன்புள்ள தம்பிக்கு,

இரவுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் சொல்வதற்கு அதிகமில்லை. உங்களைக் கண்டிக்கும் பெரியவர்களில் பலர், போரால் மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் காசு சேர்த்து, ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பார்த்து விடியவைத்தவர்கள்தான். பற்றரிக்குத் தடையிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் அவர்களே. ஆனால் அந்தப் படங்கள் முடிந்துவிடும், டெக்கைக் காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் கையில் இருப்பதோ முடியாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. 2012இல் யூரியூப், ஒரு காணொளி எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதை முதன்மையாகக் கொண்டு பரிந்துரைக்கத் தொடங்கியது. அடுத்த காணொளி தானாக ஓடுவதும், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் குறுங்காணொளிகளும் அதன் தொடர்ச்சிதான். மலிவான டேட்டாவை நள்ளிரவுக்குப் பின்னால் வைத்திருக்கும் இணையப் பொதியையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், உங்கள் தூக்கம் கெடுவதற்கு மனவுறுதிக் குறைவு மட்டுமே காரணமில்லை என்பது விளங்கும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. தொழிலாக இதைச் செய்ய நினைக்கத் தொடங்கிய பிறகு, நீங்கள் எதையும் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன். எங்கே வெட்டியிருக்கிறார்கள், தலைப்புப் படத்தில் என்ன போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இளைப்பாறல் கிடையாது. கற்பதற்கான காணொளிகளை இரவில் தரவிறக்கி வைத்துப் பகலில் பாருங்கள், இரவில் படுங்கள்.

உங்கள் அப்பாவின் விருப்பத்தைப் பழைய காலத்துச் சிந்தனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கடலுக்குப் போகிறவருக்கு இன்றைய வருமானம் நாளைக்கும் உண்டு என்ற உறுதியில்லை. மாதம் முடிந்ததும் வரும் சம்பளத்தின் அருமையை அவர் அறிவார். ஆனால் அந்த வழியும் அவர் நினைப்பதுபோல் இப்போது இல்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்காக அமர்ந்திருந்தார்கள். 2020இல் பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டபோது வழங்கிய மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஆட்சேர்ப்பு மேலும் சுருங்கியது. ஆகவே, உறுதியான ஒன்றை விட்டு உறுதியற்ற ஒன்றுக்குப் போகிறீர்கள் என்று உங்களைப் பயமுறுத்த எனக்கு முடியாது. இரண்டுமே உறுதியற்றவை. நீங்கள் போக நினைக்கும் பக்கத்தின் உறுதியின்மை எப்படிப்பட்டது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

யூரியூப்பின் விளம்பர வருமானத்தில் முறையான பங்கு கிடைக்க வேண்டுமானால் ஒரு சனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணித்தியாலப் பார்வை நேரமும் இருக்க வேண்டும். அல்லது குறுங்காணொளிகள் 90 நாட்களில் ஒரு கோடித் தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணித்தியாலம் என்பது 240,000 நிமிடம். உங்களுடைய பத்து நிமிடக் காணொளியை ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், 60,000 தடவை அது பார்க்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு, நெடுங்காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு வரும். குறுங்காணொளிகளுக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 வீதம். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கம் தபாலில் வரும் (அது நெடுந்தீவுக்கு எப்போது வந்து சேரும் என்பதை உங்கள் தபாற்காரரிடம்தான் கேட்க வேண்டும்). 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். டிசம்பரில் உயரும் விளம்பர விலை ஜனவரியில் விழும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு பார்வையின் விலை பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது என்பது. கொடிகாமத்தில் இருந்து ஒருவர் பார்ப்பதும் ரொறன்ரோவில் இருந்து ஒருவர் பார்ப்பதும் எண்ணிக்கையில் ஒன்றுதான், பணத்தில் ஒன்றல்ல.

இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்துச் சனல்களின் குணம் தீர்மானமாகிறது. எங்கள் ஊரின் செழிப்பு நெடுங்காலமாகவே வெளியிலிருந்து வந்த பணத்தில் தங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே கல்வீடுகள் எழும்பின. பின்னர் கொழும்பு உத்தியோகத்தரின் மணியோடர் வந்தது. 1983க்குப் பின்னர் இலண்டனும் பாரிஸும் சூரிச்சும் ரொறன்ரோவும் வந்தன. காணொளி வருமானத்தை ஊரில் இருந்தபடியே சம்பாதிக்கும் புதிய சுதந்திரம் என்று நீங்கள் நினைப்பது எனக்கு விளங்குகிறது. என் கணிப்பில் அது அதே வெளிநாட்டுப் பணம் வேறு வழியால் வந்து சேர்வதுதான். முன்பு அனுப்பியவர் உறவினர். அந்தக் காசில் நீங்கள் எதைச் செய்ய வேண்டும் என்று அவர் ஓரளவுக்கு மேல் கேட்பதில்லை. இப்போதோ, இந்த மண்ணில் எது காட்டத் தக்கது என்பதை, விட்டுப்போன ஊரை ஏக்கத்துடன் நினைத்திருக்கும் ஒருவர் தன் விரலசைவில் முடிவுசெய்கிறார். அவர்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்த ஊரைத்தான் அவர் தேடுவார்.

அதனால் எடுக்கப்படுபவை திரும்பத் திரும்ப அவையேதான்: நல்லூர்த் தேர், வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா, ஒடியற் கூழ், கிணற்றடிக் குளிப்பு, பாழடைந்த நாற்சார் வீடு. உங்கள் தீவுக்கு வரும் கமராக்காரர்களை நீங்களே கண்டிருப்பீர்கள். குதிரைகளையும் கோட்டையையும் பெருக்குமரத்தையும் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். ஒரு பரிசோதனைக்காக யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் போகும் நெடுந்தீவுக்காரர் ஒருவருக்குக் கடல் கொந்தளிக்கும் நாளில், படகு போய்ச் சேரும் குறிகட்டுவான் துறை எவ்வளவு தூரம் என்பதை எடுக்க யாரும் வருவதில்லை. நீங்கள் அதை எடுக்கக்கூடியவர். ஆனால் அதை எடுத்தால் சனல் வளராது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்; இப்படித் தெரிந்துகொண்டதுதான் அந்த இரவுகளில் நீங்கள் கற்றவற்றில் மிகவும் கெடுதலான பாடம் என்று நான் நினைக்கிறேன்.

கைத்தொழிலையும் சனலையும் பிரித்துப் பாருங்கள். சனல் என்பது பிறருடைய காணியில் போட்ட கொட்டில். காணிக்காரர் விதியை மாற்றினால் நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. படம்பிடிக்கவும் தொகுக்கவும் ஒலியைச் சீர்செய்யவும் தெரிந்திருப்பது உங்களுடைய சொத்து. அதற்கு இங்கே கூலி உண்டு. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக் குடும்பங்கள் கலியாணத்தையும் சாமத்திய வீட்டையும் (பூப்புனித விழா) ஊரிலேயே வைக்கின்றன. ஸ்ரூடியோக்காரர்கள் அந்த மாதங்களில் தொகுப்பாளர் கிடைக்காமல் அலைகிறார்கள். அது கலை இல்லை என்று முகம் சுளிக்க வேண்டாம். வெளிச்சம் போதாத மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில், இரண்டாம் தடவை நடக்காத ஒன்றைப் பிழையின்றி எடுப்பது நல்ல பயிற்சி. தீவுப் பிள்ளைகளுக்கு நகரத்து ரியூசனுக்கு வந்துபோகப் படகு நேரம் இடம்கொடுப்பதில்லை. உயர்தரப் பாடங்களைத் தெளிவான தமிழில் காணொளியாக்கத் தெரிந்தவருக்கு ஆசிரியர்களிடையே தேவை இருக்கிறது. இதில் புகழ் இல்லை, பணமும் பெரிதாக இல்லை. ஆனால் கூலி தருபவரை நீங்கள் நேரில் கண்டு பேசலாம்.

இனி, உங்களுக்கு வந்திருக்கும் வேலை. அதில் எனக்குத் தயக்கமில்லை. உதவி கொடுப்பதைப் படமாக்கும் வேலைக்குப் போகாதீர்கள். அரிசிப் பையும் காசும் கமராவுக்குப் பின்னால் நிற்கும்போது, அந்தத் தாய் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. கணவன் ஏன் விட்டுப் போனான், மூத்த பெண்ணுக்கு என்ன வயது, எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேள்வி கேட்டு, அவர் அழும்போது முகத்துக்குக் கிட்டப் போகும் அந்தக் கமராவைப் பிடித்திருக்கப் போகிறவர் நீங்கள். பணம் அனுப்பியவருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் பெற்றவரின் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டும் அதற்குப் போதும்; அவற்றை அனுப்பியவருக்குத் தனியாக அனுப்பலாம். உலகத்துக்கே காட்டுவது கணக்குக்காக அல்ல, பார்வைகளுக்காக. பார்வைகளால் வரும் வருமானத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டா என்று சனல்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண்பிள்ளை நாளைக்கு உங்கள் கம்பசுக்கே படிக்க வரலாம். அவளுடைய வகுப்பில் இருப்பவர்கள் அந்தக் காணொளியை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

படிப்பைப் பற்றி: நாலாம் வருடத்தை விடாதீர்கள். சிறப்புப் பட்டம் வேலை வாங்கித் தரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்காக ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டு, கேட்டதைச் சரிபார்த்து எழுதுவதற்கு நாலாம் வருட ஆய்வுக் கட்டுரையை விட்டால் உங்களுக்கு வேறு சந்தர்ப்பம் கிடைப்பது கடினம். நல்ல காணொளிக்குத் தேவையானதும் இந்த உழைப்புத்தான்; அதைக் கமரா கற்றுத்தராது. உங்கள் தீவின் கடற்றொழிலாளர் வாழ்க்கையைத் தலைப்பாக எடுக்க முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். துறை அனுமதித்தால் நேர்காணல்களை ஒலியாகவும் காட்சியாகவும் பதிவுசெய்யுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் பதிவுசெய்கிறது. பேசியவர்கள் சம்மதித்தால் உங்கள் பதிவுகளை அங்கே கொடுக்கலாமா என்றும் விசாரியுங்கள்.

அந்தச் சனல்காரருக்குப் பதில் சொல்லாமல் இருக்க வேண்டாம். வார இறுதிகளில் மட்டும், உதவிக் காணொளிகள் தவிர்ந்த ஏனைய தொகுப்பு வேலைகளைச் செய்து தரலாம், ஒரு காணொளிக்கு இவ்வளவு கூலி என்று எழுதிக் கேளுங்கள். சம்மதித்தால் செய்யுங்கள். முழுநேரமாகத்தான் வேண்டும் என்றால், ஜூலை மாதத்துக்கு முன்னர் ஸ்ரூடியோக்களில் விசாரிக்கத் தொடங்குங்கள்.

அன்புடன்.