டென்ஷன்ல எடுத்த சப்ஸ்கிரிப்ஷன், மாசாமாசம் போற காசு

கேள்வி: அம்மா ஐசியூல இருந்தப்போ ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து தியான ஆப், டயட் ஆப், இங்கிலீஷ் ஆப்னு கண்டதையும் எடுத்துட்டேன். டயட் ஆப் 7 நாள் ஃப்ரீன்னுதான் போட்டிருந்துச்சு, இப்ப மாசம் 799 ரூபா போகுது, ஆப்பை டெலீட் பண்ணியும் நிக்கல. அப்போ இருந்த மனநிலைய சொல்லி காச திரும்ப வாங்கலாமா?

பதில்: மொதல்ல, இதுல நீங்க வெக்கப்பட ஒண்ணுமே இல்லைங்க, அம்மா அந்த நிலைமையில இருக்கறப்போ யாருக்கும் நடக்கும். ஆனா மனசு சரியில்லாம எடுத்தேன்னு சொல்லி மட்டும் காச வாங்கறது கஷ்டம். 1872 ஒப்பந்தச் சட்டம் 16வது பிரிவுல மன வேதனையில இருக்கறவங்கள பத்தி வருது, ஆனா எதிராளி அத தெரிஞ்சு உங்கள வளைச்சான்னு காட்டணும், நீங்க ஆஸ்பத்திரியில இருந்ததே எங்களுக்கு தெரியாதுன்னு கம்பெனி வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவார்.

அதனால உங்க மனநிலைய விடுங்க, அவங்க ஆப்ல காட்டற ஸ்க்ரீன பிடிப்போம். 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன் பத்தி, அதாவது ஆப், வெப்சைட்ல நம்மள ஏமாத்தற மாதிரி ஸ்க்ரீன அமைக்கறத பத்தி கைட்லைன்ஸ் போட்டுச்சு, 13 வகை சொல்லியிருக்காங்க, அதுல ஒண்ணு சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப். கேன்சல் பட்டனை ஒளிச்சு வெக்கறது மட்டுமில்ல, ஃப்ரீன்னு சொல்லிட்டு கார்டு டீடெய்லோ ஆட்டோ டெபிட் பர்மிஷனோ கட்டாயமா வாங்கறதும் அதுலயே வருது. உங்க டயட் ஆப் பண்ணது அப்படியே இதுதான்! அந்த ஃப்ரீ ட்ரையல் பக்கத்தையும் கேன்சல் பண்ண போற வழியையும் ஒவ்வொரு ஸ்க்ரீனா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, நாளைக்கே அவங்க மாத்திட்டா நம்ம கையில ஆதாரம் இருக்காது.

இத படிச்ச உடனே ஒரு வேலை பண்ணுங்க. ஆப்பை டெலீட் பண்ணா சப்ஸ்கிரிப்ஷன் நிக்காது, ப்ளே ஸ்டோர்ல உங்க ப்ரொஃபைல் படத்த தொட்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ல போய் கேன்சல் குடுங்க, அதோட யூபிஐ ஆப்ல ஆட்டோபே மேண்டேட்டையும் (தானா காசு எடுக்க நீங்க குடுத்த அனுமதி), கார்டுன்னா பேங்க் ஆப்ல மேண்டேட்டையும் எடுத்துடுங்க.

அப்புறம் பழைய எஸ்எம்எஸ், மெயில் எல்லாம் தேடுங்க. ரிசர்வ் பேங்க் ரூல்படி, 2021 அக்டோபர்ல இருந்து, இந்த மாதிரி ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும், வேண்டாம்னு சொல்ற வழியும் அதுல இருக்கணும். அப்படி வரவே இல்லன்னா பேங்க்ல எழுத்துல கம்ப்ளைன்ட் குடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போங்க, அங்க ஃபீஸே கிடையாது.

ஆப் கம்பெனியில புகார கவனிக்கற க்ரீவன்ஸ் ஆபீசருக்கும் மெயில் போடுங்க, ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும். சொல்லலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிடுங்க, அதுலயும் ஆகலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நீங்க கட்டின காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல, 2 வருஷத்துக்குள்ள போடணும், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க இருக்கற ஊர்லயே போடலாம்.

இங்கிலீஷ் ஆப்ப இன்னும் யூஸ் பண்ணிட்டிருந்தா அதுக்கு ரீஃபண்ட் கேக்காதீங்க, அதையும் சேத்து கேட்டா டயட் ஆப் மேல இருக்கற நல்ல கேஸும் வீக் ஆயிடும்.