அமெரிக்காவில் வீட்டுக்குப் பதில் படகு வாங்கிக் குடியிருந்தால் வரி மிச்சமாகுமா?

சான் பிரான்சிஸ்கோ பக்கம் வாடகை கட்டி மாளவில்லை, கடனில் ஒரு படகு வாங்கி அதிலேயே குடியிருந்தால் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு என்று படகு விற்பவர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம். ஆனால் அந்தக் கழிவு எவ்வளவு காசாகக் கைக்கு வரும் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். நானும் கணவரும் இதே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஒரு பாய்மரப் படகில்தான் குடியிருக்கிறோம், வரிக்கணக்கையும் நாங்களேதான் போடுகிறோம். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தூங்க இடம், கழிப்பறை, சமைக்க வசதி, இந்த மூன்றும் இருந்தால் ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) கணக்கில் படகும் வீடுதான். எங்கள் சமையலறை இரண்டு பர்னர் அடுப்பும் ஒரு தொட்டியும் மட்டும்தான். ஓவன் கதவைத் திறந்தால் இன்னொருவர் அந்தப் பக்கம் போக முடியாது. சட்டத்துக்கு அது போதும். 7,50,000 டாலர் வரையிலான கடனுக்குக் கட்டும் வட்டியை வீட்டுக்கடன் வட்டி போலவே காட்டலாம். ஒரே நிபந்தனை, அந்தக் கடனுக்குப் படகே அடமானமாக இருக்க வேண்டும், அந்த அடமானம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். பர்சனல் லோன் போட்டு வாங்கினால் வட்டியில் ஒரு பைசா கழியாது.

நீங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பதாகச் சொன்னதால் இது முக்கியம். பெரிய படகுகளுக்குக் கடன் தருகிறவர்கள் கடலோரக் காவல்படையிடம் படகைப் பதிவுசெய்யச் சொல்வது வழக்கம். அந்தப் பதிவு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது. அப்படியானால் டிஎம்வி (மாநில வாகனப் பதிவுத்துறை) பதிவுதான் வழி, கடன் கொடுத்தவரின் பெயர் அந்த டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், ஏறும். வட்டிக்கழிவுக்கு அது தடையில்லை. ஆனால் அதற்கு ஒத்துக்கொண்டு கடன் கொடுப்பவரைத் தேட வேண்டியிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1,50,000 டாலர் படகு, 1,20,000 கடன், 8% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட வட்டி சுமார் 9,500. கலிஃபோர்னியாவில் படகுக்குக் கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) போடும் சொத்து வரி ஏறக்குறைய 1,500. மதிப்பைப் பார்த்து வருடாவருடம் போடும் வரி என்பதால் அதையும் காட்டலாம். வருடம் ஒன்றரை லட்சம் டாலர் சம்பளத்துக்கு மாநில வருமான வரி ஏறத்தாழ 10,000, அதுவும் இந்தக் கழிவில் சேரும். ஆக மொத்தம் 21,000. எதையுமே காட்டாவிட்டாலும் தனி ஆளுக்கு 2025க்கான பொதுக்கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 எப்படியும் உண்டு. அதற்கு மேல் நிற்பது 5,250 மட்டும்தான். 24% வரிப்படியில் மிச்சம் 1,260 டாலர். வருடத்துக்கு!

கல்யாணமாகி இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால் அந்த எல்லை 31,500. இரண்டு பேர் சம்பளத்துக்குமாக மாநில வரி 20,000 ஆனால்கூட மொத்தம் 31,000தான், கழிவே இல்லை. எங்கள் கதையும் இதுதான்.

ஒரு ஆறுதல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மத்திய வரியில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்தாலும் கலிஃபோர்னியா மாநில வரியில் இந்தச் செலவுகளைத் தனியாகப் பட்டியல் போட்டுக் காட்டலாம். அங்கே தனி ஆளுக்கு எல்லை 6,000க்கும் கீழே. மாநில வருமான வரியை அங்கே காட்ட முடியாது என்றாலும், மேலே சொன்ன வட்டியும் சொத்து வரியும் மட்டுமே அதைத் தாண்டிவிடும்.

மற்றதெல்லாம் கைக்காசு. எங்கள் மரீனா (படகுத்துறை) பில்லில் படகு நிறுத்தும் இடத்துக்கு ஒரு கட்டணம், குடியிருப்பதற்குத் தனியாக ஒரு கட்டணம், மின்சாரத்துக்கு இன்னொன்று என்று மாதம் 1,000 டாலரைத் தாண்டும். ஒன்றும் கழியாது. இன்ஷூரன்ஸ், அடிப்பக்கம் பெயின்ட், கழிவுத் தொட்டி காலி செய்வது எதுவும் கழியாது. படகில் உட்கார்ந்து வேலை செய்கிறேன், ஹோம் ஆபீஸ் காட்டலாமே என்றால், சம்பளக்காரருக்கு மத்திய வரியில் அது கிடையாது. சொந்தத் தொழில் என்றாலும் அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே என்று இருக்க வேண்டும். மடிக்கணினி வைத்த அதே மேசையில் இட்லியும் சாப்பிட்டால் தேறாது.

ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்துவிட்டு விற்றால் 2,50,000 டாலர் லாபம் வரை வரியில்லை என்றும் விற்பவர் அடித்துவிடுவார். சட்டத்தில் இருப்பதுதான். லாபத்துக்குப் படகு விற்ற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நஷ்டத்தையோ கழிக்க விடமாட்டார்கள்.

வரியைவிட முதலில் பார்க்க வேண்டியது இடம். இந்த வளைகுடாவில் ஒரு மரீனாவின் இடங்களில் 10%க்கு மேல் குடியிருப்புப் படகுகள் இருக்கக்கூடாது என்று வளைகுடா ஆணையத்தின் விதி. குடியிருக்க அனுமதி கையில் வராமல் படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்குவதென்று முடிவானால், கடன் கொடுப்பவரிடம் கட்டிய வட்டியைக் காட்டும் 1098 படிவம் அனுப்புவீர்களா என்று முன்பே கேளுங்கள். படகு நிலச்சொத்து இல்லை என்பதால் அனுப்பாமல் போகலாம். அப்போது கட்டிய வட்டியை ஷெட்யூல் ஏ என்ற கழிவுப் பட்டியல் படிவத்தில் 8பி எண்ணிட்ட இடத்தில் நீங்களே எழுத வேண்டும். படகை விற்றவரே கடனும் தந்திருந்தால் அவர் பெயர், முகவரி, வரி எண் மூன்றையும் அங்கே காட்ட வேண்டும்.