சென்னைக்குப் புதிதாக வந்தவருக்குச் சின்ன சபாக்களில் நட்பு கிடைக்குமா?

வேலைக்காகச் சென்னைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன, ஆபீஸைத் தவிர ஒருவரையும் தெரியாது, பாட்டு பிடிக்கும், கச்சேரிகளுக்குப் போனால் ஆட்கள் பழக்கமாவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாக ஆவார்கள். ஆனால் சின்ன இடமாகப் பாருங்கள், டிசம்பரில் தொடங்காதீர்கள். மியூசிக் அகாடமி 1928-லிருந்து இருக்கும் சபா, அதாவது கச்சேரி நடத்தும் சங்கம், அதன் அரங்கில் ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள், பாட்டு கேட்க அருமையான இடம்தான். ஆனால் இன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவரை மறுபடி பார்ப்பீர்களா என்பது சந்தேகம். அதிலும் மார்கழி சீசனில் எல்லோரும் ஒரு கச்சேரி முடிந்ததும் அடுத்த சபாவுக்கு ஆட்டோ பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். யாருக்கும் பேச நேரம் இருக்காது.

ஜூலை, ஆகஸ்டில் ஒரு வாரநாள் சாயங்காலம் லஸ் பக்கம் ராகசுதா ஹால் மாதிரி ஓர் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இளம் பாடகர் யாராவது பாடிக்கொண்டிருப்பார், வந்திருப்பவர்களைச் சில நாள் விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதிப் பேர் எப்போதும் வருகிறவர்கள். புது முகம் உடனே கண்ணில் படும். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்த காலத்தில் அப்படித்தான் பழக ஆரம்பித்தேன்.

கர்நாடக இசைக் கச்சேரியில் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். ஏனென்றால் என்ன ராகம் என்று பாடகர் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. வார்த்தைகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையை ஆரம்பித்ததுமே அரங்கம் முழுக்க மனதுக்குள் விடை தேடிக்கொண்டிருக்கும். என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், கையடக்கமான டயரியில் பாட்டு, ராகம், தாளம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வருவார். ராகக் கட்டத்தை நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நிஷாதம் வருதான்னு கேளுங்க தம்பி, வந்தா ஸ்ரீரஞ்சனி, வரலைன்னா ஆபோகி" என்று காதோடு சொன்னார். நிஷாதம் என்பது ஏழு ஸ்வரங்களில் 'நி', அவர் சொன்ன இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும் ராகங்கள். அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் டயரியை மூடி வைத்துக்கொண்டு என்னைத்தான் முதலில் கேட்பார். கொஞ்ச நாளில், நான் ஒரு வாரம் போகாவிட்டால் அடுத்த வாரம் "ஆளையே காணோமே?" என்று விசாரிக்கும் அளவுக்கு ஆனது. இந்த ஊரில் என்னை யாரோ தேடினார்கள் என்று முதன்முதலாகத் தெரிந்தது அன்றைக்குத்தான், அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

ஒரு முக்கியமான விஷயம், தனி ஆவர்த்தனத்தில், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியில், எழுந்து போகாதீர்கள். மிருதங்கமும் கடமும் வாசிக்க ஆரம்பித்ததும் காபி குடிக்க ஒரு கூட்டம் கிளம்பும். தாளம் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்காருகிறவர்கள் ஒருவரை ஒருவர் நன்றாகக் கவனிப்பார்கள். முடிவில் வாசிக்கும் தாளக் கோப்பான கோர்வை சரியாக வந்து விழுந்ததும் முன்பின் தெரியாதவர்கூடத் திரும்பி உங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். வெளியே வந்ததும் அதைப் பற்றித்தான் பேச்சு. என் நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் கஞ்சிரா என்ற சிறிய தாள வாத்தியம் வாசிப்பவர், அப்படித்தான் பழக்கமானார்கள். கல்யாணமாகாத பையனுக்கு வீடு தர மாட்டோம் என்று தெருத்தெருவாகக் கேட்டுச் சலித்துப்போன எனக்கு, வீட்டுக்காரரிடம் பேசி வாடகைக்கு வாங்கிக் கொடுத்ததும் சபாவில் பழகிய ஓர் அம்மாதான்.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். இந்தச் சபாக்களில் வயதானவர்கள் அதிகம், பிராமணக் குடும்பங்கள் அதிகம். சிலருக்கு உள்ளே நுழையும்போதே கூச்சமாக இருக்கும், அது நியாயமான கூச்சம், மாற வேண்டியது சபாக்கள்தான். இதை வெளிப்படையாகப் பேசி, பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சமூகச் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து 2015-ல் ஒரு விழா நடத்தினார்கள். கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில். பிற்பாடு அது சென்னைக் கலைத் தெரு விழா ஆனது. இது மாதிரி விழாக்களுக்குத் தன்னார்வலராகப் போய் நாற்காலி போட்டு, ஒயர் இழுத்து வேலை செய்தீர்கள் என்றால் பழக்கம் இன்னும் சீக்கிரம் வரும்.

சபா வேண்டாம், திறந்தவெளி போதும் என்றால் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அங்கே பிள்ளைகள் மைக் இல்லாமல் பாடுவது வழக்கம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அப்படியே நின்று கேட்பார்கள், மைக் இல்லாததால் எல்லோரும் நெருங்கித்தான் உட்கார வேண்டும்.

நாலைந்து இடங்களுக்கு மாறி மாறிப் போகாமல் ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரே வரிசையில் உட்காருங்கள். கச்சேரி முடிந்ததும் உடனே பைக்கை எடுக்காமல் பத்து நிமிஷம் வாசலில் நில்லுங்கள். எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்று சொன்னால் அருகில் எந்தச் சபா என்று சொல்கிறேன்.